அட்வான்ஸில் அநியாயப் பிடித்தமா? நீலகிரியில் எந்தக் கதவைத் தட்டலாம்: ஒரு மதிப்பீடு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்குவோங்க, இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான்." அதன் பின்னால் கீசர், கிளீனிங், சுவரில் ஓதம், தோட்டம் என்று பட்டியல் நீளும். 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தவர் கையில் பாதிதான் திரும்பி வரும். அந்த மீதியைக் கேட்டு வாங்க மாவட்டத்தில் இருக்கும் சேவைகள் எப்படி வேலை செய்கின்றன, யாருக்கு எது பொருந்தும், எது எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சில ஆயிரங்களில் தொடங்கி ஐம்பதாயிரம் வரையிலான தகராறுக்கு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்கும் வழக்குக்கு முந்தைய மனுவுக்குத்தான் முதலிடம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, சமரசம் எழுதப்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். ஆனால் மனு கொடுக்கும் முன்பே உங்கள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் போகிறவர்கள் "பாதிக்குப் பாதி" என்று முடித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் முதலில் கணக்கு.

எது உங்கள் செலவு, எது வீட்டுக்காரர் செலவு

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. இதில் இரண்டு பிரிவுகளை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 11: வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். பிரிவு 15: குடிவந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்க வேண்டும், புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானம் இதில் சேராது.

யார் எதைப் பழுதுபார்ப்பது என்பது அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங், கட்டுமானப் பழுது ஆகியவை உரிமையாளர் பங்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, உடைந்த ஜன்னல் கண்ணாடி, நீங்கள் புழங்கிய தோட்டத்தின் பராமரிப்பு ஆகியவை வாடகைதாரர் பங்கு. பலரும் இந்த இரண்டாவது பாதியைப் படிக்காமலே சண்டைக்குப் போகிறார்கள். கீசர் உங்கள் பங்கில் வருகிறது என்று எதிர்தரப்பு எடுத்துக் காட்டும்போது வாய் அடைத்துப்போகும்.

ஒரு முக்கியமான தடை உண்டு. எழுத்து ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் ஒப்பந்தமே முந்தும். "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவாக ஒரு மாத வாடகை" என்ற வரியில் கையெழுத்துப் போட்டவர், பெயிண்டிங் தன் பொறுப்பே இல்லை என்று வாதாடுவதில் பயன் குறைவு. அவர் கேள்வி கேட்க வேண்டியது தொகையின் அளவை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, முன்கூட்டியே குறித்த தொகை எதுவானாலும் நியாயமான ஈட்டுத்தொகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பெயிண்டே அடிக்காமல் அடுத்த ஆளைக் குடிவைத்துவிட்டு முழுத் தொகையைப் பிடித்திருந்தால், இந்தப் பிரிவை வைத்துக் கேள்வி கேட்க இடம் உண்டு.

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளில் சிக்கல் இல்லை. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு என்றால், சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 108ஆம் பிரிவு உட்பிரிவு (எம்) உங்களுக்குத் துணை. அதுவும் நியாயமான தேய்மானத்தையும், தடுக்க முடியாத இயற்கைச் சக்தியால் வந்த சேதத்தையும் வாடகைதாரர் தலையில் கட்டுவதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டிய மலை இது. மண் சரிந்து பின்சுவர் விரிசல் விட்டதற்கு உங்கள் அட்வான்ஸில் கை வைப்பது எந்தச் சட்டத்திலும் நிற்காது.

ஓதம்: மலை வீடுகளின் பெரிய சண்டை

சமவெளியில் பெயிண்டிங் சண்டை என்றால் ஆணி ஓட்டையும் குழந்தை கிறுக்கலும்தான். இங்கே சுவரின் கறுப்பு. "ஜன்னலைத் திறக்காம வெச்சிருந்தீங்க, பூஞ்சை புடிச்சிருச்சு" என்பார் வீட்டுக்காரர். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால் கறை எங்கிருந்து வந்தது என்று முதலில் நீங்களே தெரிந்துகொள்வது அவசியம்.

தரையிலிருந்து மூன்றடி வரை பட்டையாக ஏறி, வெள்ளை உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்ந்தால் அது தரை ஈரம். மண்ணை வெட்டிக் கட்டிய வீடுகளில் மேட்டுப் பக்கச் சுவர் முழுக்க இப்படி நனைந்திருக்கும். கூரையில் பழுப்பு விளிம்போடு வட்டமாகப் பரவினால் ஓடோ தகரமோ ஒழுகுகிறது. இரண்டும் கட்டுமானக் குறை, உரிமையாளர் பங்கு. அறையின் மூலையில், பீரோவுக்குப் பின்னால், வெளிப்பக்கச் சுவரில் கறுப்புப் புள்ளிகளாக வந்தால் அது பெரும்பாலும் வீட்டுக்குள் உண்டான நீராவி குளிர்ந்த சுவரில் படிந்ததால் வருவது. குளியலறைக் கதவைத் திறந்துபோட்டு வெந்நீரில் குளிப்பது, மழைக்காலத்தில் உள்ளே துணி காயப்போடுவது, மூடியே கிடக்கும் ஜன்னல் எல்லாம் இதற்குக் காரணம். இதில் உங்கள் பங்கு கொஞ்சம் இருக்கும். வெளியேற்று மின்விசிறியோ காற்றுப்போக்கியோ இல்லாத குளியலறை என்றால் அவர் பங்கும் உண்டு.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தாளைக் கறைக்குப் பக்கத்தில் நல்ல காரை மேல் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம் விட்டுப் பிரித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது உள் நீராவி. ஒட்டும்போதும் பிரிக்கும்போதும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துவையுங்கள். சமரச மேசையில் பத்து நிமிடப் பேச்சை விட இந்த வீடியோவுக்கு எடை அதிகம்.

பெயிண்ட் தொகையையும் அளந்து பார்க்கலாம். 10க்கு 12 அடி அறை, உயரம் 9 அடி என்றால் நான்கு சுவரும் 396 சதுர அடி. கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 350. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று எமல்ஷன் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டு கோட்டுக்கு 120 என்று வைத்தால் அந்த அறைக்கு மூன்று லிட்டர் போதும். உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவரிடம் கூலியோடு எழுத்தில் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். அடுத்தது வயது. பெயிண்டின் ஆயுள் ஐந்து ஆண்டு என்று கொண்டால், மூன்று ஆண்டு குடியிருந்தவர் மேல் அதிகபட்சம் ஐந்தில் இரண்டு பங்குதான் ஏற்றலாம். 12,000 ரூபாய் வேலைக்கு 4,800. இந்த ஐந்து ஆண்டு சட்டத்தில் எழுதியது கிடையாது, வாதத்துக்கான அளவுகோல். ஈரம் அதிகமான வீட்டில் பெயிண்ட் அவ்வளவு நாள் தாங்குவதும் இல்லை. அதையும் சேர்த்தே பேசுங்கள்.

கீசருக்கும் இதே முறை. தண்ணீர் வராத நேரத்தில் சுவிட்சைப் போட்டு எலிமென்ட் கருகியிருந்தால் அந்தப் பாகத்துக்கான பில் உங்களுடையது. பத்து வருடம் ஓடிய டேங்க் துருப்பிடித்து ஒழுகினால், புது கீசரின் விலையை உங்களிடம் கேட்பது தேய்மானத்தைக் கேட்பது. கழற்றிய பாகத்தையும் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். மின்கட்டணத்தை வாய்வார்த்தையில் ஏற்க வேண்டாம். இணைப்பு எண் இருந்தால் மின்வாரிய இணையதளத்தில் தொகையைச் சரிபார்க்கலாம். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், காலி செய்யும் நாளின் மீட்டர் படம் இல்லாவிட்டால் அடுத்து வந்தவரின் ஹீட்டர் செலவும் உங்கள் கணக்கில் ஏறும்.

முதல் கருவி: ஒரு கடிதம்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "எழுத்தில் கேட்டீர்களா?" என்பார்கள். வாட்ஸ்அப் போதாது. பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் பதிவு வசதியும், சேர்த்ததற்கான சான்றும் சேர்த்துக் கேளுங்கள். ரசீதைப் படமெடுத்து வையுங்கள், வெயிலில் எழுத்து மங்கிவிடும்.

கடிதத்தை உரிமையாளர் பெயருக்கு, ஒப்பந்தத்தில் உள்ள விலாசத்துக்கு அனுப்புங்கள். நீலகிரி வீடுகளில் பாதிச் சிக்கலே இங்குதான். உரிமையாளர் கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார், பேசுவதெல்லாம் வாட்ச்மேனோ புரோக்கரோ. அவர்களுக்கு அனுப்பினால் அனுப்பாததற்குச் சமம். ஒரு பக்கத்துக்குள் இப்படி முடிக்கலாம்:

"தங்கள் வீட்டை இன்ன தேதியில் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். அட்வான்ஸ் 40,000 ரூபாயில் தாங்கள் 19,000 பிடித்துள்ளீர்கள். மின்கட்டணம் 1,300, உடைந்த கண்ணாடி 600, ஆக 1,900 ரூபாயை ஏற்கிறேன். மீதி 17,100 ரூபாய்க்கான பில்களோ விவரமோ தரப்படவில்லை. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பிரிவு 11, 15இன்படி இத்தொகையை 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இக்கடிதத் தேதியிலிருந்து வட்டியும் கோருவேன்."

நியாயமான பிடித்தத்தை நீங்களே கழித்துக் காட்டுவது இதில் முக்கியம். முழு அட்வான்ஸும் வேண்டும் என்று கேட்பவரைவிட இவர் சொல்வதை நம்பச் சுலபம். வட்டி வரியை விடாதீர்கள். 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, எழுத்தில் கேட்ட தேதியிலிருந்து வட்டி கோர அந்த வரிதான் அடிப்படை. இடையில் அவர் ஒரு தொகையைப் போட்டுவிட்டு "கணக்கு முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்டால், "பகுதித் தொகை பெற்றேன்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

மதிப்பீடு: செலவு மிகக் குறைவு, பாதிப் பேருக்கு இதுவே போதும் என்ற அளவுக்கு நம்பலாம். வக்கீல் நோட்டீஸ் இதன் கனமான வடிவம். எதிர்தரப்பு வெளியூர் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் தகராறு ஐயாயிரம் ரூபாய் என்றால், நோட்டீஸ் கட்டணத்தை முதலில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு: முதலிடம் ஏன்

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் இயங்குகிறது. மாவட்ட நீதிமன்றங்கள் ஃபிங்கர் போஸ்ட் அருகே காக்காத்தோப்பு வளாகத்தில் உள்ளன. வட்ட அளவில் நீதிமன்றங்களோடு இணைந்து குழுக்கள் உண்டு, கூடலூர்க்காரர் மலையேற வேண்டுமா என்று முதலில் அங்கே விசாரிக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

வெள்ளைத்தாளில் தமிழில் மனு எழுதினால் போதும். இணைக்க வேண்டியவை: ஒப்பந்த நகல், அட்வான்ஸ் கொடுத்த ஆதாரம், உங்கள் கடிதமும் தபால் சான்றும், பிடித்தப் பட்டியல், அச்சிட்ட படங்கள் ஆறேழு. நூறு படம் உள்ள பென் டிரைவை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எதிர்தரப்புக்கு அழைப்பு போகும். இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒத்துவந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) தீர்ப்பாக எழுதப்படும். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை.

குறை ஒன்று, பெரிய குறை. எதிர்தரப்பு வராவிட்டாலோ, வந்து முடியாது என்றாலோ இங்கே யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கோப்பு அதோடு மூடப்படும். மேல்முறையீடு இல்லை என்பதால், அன்றைய அலுப்பில் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் வருந்தியும் பலனில்லை. எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். தவணையில் தருகிறேன் என்றால் ஒவ்வொரு தவணையின் தேதியும், தவறினால் முழுத்தொகையும் உடனே தர வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இதே ஆணைக்குழு இலவச வக்கீலும் தரும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒப்பந்தம் பெண் பெயரிலும் இருந்தால் மனுவை அவர் பெயரில் கொடுப்பது நல்லது.

ஏற்கெனவே கோவைக்கோ திருப்பூருக்கோ குடிபோனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது. சொந்த வண்டியில் விசாரணைக்கு வருவதானால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மற்ற கதவுகள்

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் வாடகை நீதிமன்றம் பதிவுசெய்த ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு ஏற்றது. பதிவை வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம், அரசு இணையதளத்திலேயே. ஆனால் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி, பதிவே செய்யாத ஒப்பந்தங்களே இங்கு மிகுதி. அப்படியானவர்கள் இந்த வாசலில் நின்று நேரத்தை இழப்பதற்கு முன், உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்குப் போடலாமா என்று இலவச வக்கீலிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பண வழக்கு மெதுவானது, ஆனால் எதிர்தரப்பு வராமல் தப்பிக்க முடியாது. வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வரும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் 3 விழுக்காடு. 17,100 ரூபாய்க்கு 513 ரூபாய். காலவரம்பு மூன்று ஆண்டு. வாட்ஸ்அப் உரையாடலையும் வீடியோவையும் சாட்சியமாக வைக்க, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதனால் எடுத்த போனை விற்றுவிடாமல் வையுங்கள். பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள தொகைக்கு இந்தப் பாதையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 50,000 போல இருந்தால் தயங்க வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்தின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சாதாரண வீட்டு வாடகைக்கு அது பொருந்துவது கடினம்; வெறும் வாடகையைச் 'சேவை' என்று ஏற்பதில்லை. ஆனால் சாப்பாடு, துப்புரவோடு மாதக்கட்டணம் வாங்கும் பி.ஜி., மகளிர் விடுதி, ஹாஸ்டல் என்றால் கதை வேறு. தங்குமிடமும் உணவும் தருவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஹாஸ்டல் காப்புத்தொகைத் தகராறில் இதற்குத்தான் முதலிடம். அதற்கும் முன் 1915 எண்ணில் பதிவுசெய்து பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

காவல் நிலையம் அட்வான்ஸ் வசூலுக்கான இடம் இல்லை, உரிமையியல் தகராறு என்று திருப்பி அனுப்புவதே முறை. உங்கள் சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டினாலோ மிரட்டினாலோ தயங்காமல் போங்கள். குடியிருக்கும்போதே தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தடுக்கிறது. ஏப்ரல், மே சீசனுக்கு முன் வீட்டைக் காலியாக்கித் தினவாடகைக்கு விட நினைப்பவர்கள் செய்யும் வேலை இது. அதற்கு வருவாய்க் கோட்ட அளவிலான வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

சாவி ஒப்படைப்பது பற்றி ஒரு வார்த்தை. எல்லா வழியிலும் முதலில் கேட்கப்படும் தேதி அதுதான். அட்வான்ஸ் வந்தால்தான் சாவி என்று பிடித்துவைத்தால் அந்த நாட்களுக்கும் வாடகை ஏறும். கேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சுவரும், கூரையும், மீட்டரும் தெரியும்படி ஒரே வீடியோ எடுத்து, சாவியைக் கொடுத்து, "இன்ன தேதி, இத்தனை சாவி பெற்றேன்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாட்ச்மேன் கையெழுத்துப் போட மறுத்தால், சாவியைக் கொடுக்கும் படத்தோடு உரிமையாளர் எண்ணுக்கு அந்த நிமிடமே செய்தி அனுப்புங்கள்.

லோக் அதாலத்திலோ நீதிமன்றத்திலோ தீர்ப்பு வாங்கிய பிறகும் பணம் வரவில்லை என்றால், உரிமையியல் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடலாம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மனுவில் எதிர்தரப்பின் வங்கிக் கணக்கு விவரம் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். மாத வாடகையை நீங்கள் இத்தனை நாள் அனுப்பிய ஜி-பே, வங்கிப் பரிவர்த்தனைப் பக்கங்களில் அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கும் தடயம் இருக்கும். வீடு மாறும் அவசரத்தில் அவற்றை அழித்துவிடாதீர்கள்.